எதிர் நிறங்கள்: பச்சைத் தாளில் சிவப்பால் எழுதி நான் கற்ற பாடம்



சென்ற மாதம் நம் சுவர்ப் பத்திரிகையின் வலது மூலையில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? கரும்பச்சைத் தாள், அதன் மேல் ரத்தச் சிவப்பு போஸ்டர் கலரில் கொட்டை எழுத்துகள். அதை எழுதியவன் நான்தான். "எதிர் நிறம் வைத்தால்தான் எடுப்பாகத் தெரியும்" என்று எங்கோ அரைகுறையாகப் படித்துவிட்டு, மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். நிறைய பேர் "சூப்பர்டா" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சார்ட்டால் என் நண்பன் ஒருவன் மாவட்டச் சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாமல் போனான். அதனால்தான் இந்தக் கட்டுரை. எதிர் நிறங்கள் என்றால் என்ன, அவை எங்கே உதவும், எங்கே காலை வாரிவிடும் என்று ஒரு மாதமாக ஓவிய ஆசிரியரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும், நானே செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். இடைவேளையில் பாதி, சாப்பாட்டு மணியில் மீதி என்று படியுங்கள்.

நடந்தது என்ன?

சதுரங்கப் போட்டி பற்றி பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரே ஒரு நாள்தான் அறிவித்தார்கள். அன்றைக்கு என் நண்பன் காய்ச்சலில் லீவு. "பரவாயில்லை, சுவர்ப் பத்திரிகையில்தான் பெருசா எழுதியிருக்கே" என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் வந்தான். பத்திரிகை முன்னால் நின்று விடுகதை, பொன்மொழி, எல்லாம் படித்தான். கடைசி நாள் முடிந்து, பி.டி. சார் பட்டியலை அனுப்பிவிட்ட பிறகுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்ளோ பெருசா எழுதியிருந்தேனே, உனக்குக் கண்ணு தெரியலையாடா?" என்றேன்.

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். "அங்க என்னடா எழுதியிருந்துச்சு? வெறும் பச்சைத் தாள்தானே ஒட்டியிருந்தீங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ போல இருக்கிறது. மற்றதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

வண்ணச்சக்கரம்

1666ஆம் ஆண்டு வாக்கில் ஐசக் நியூட்டன் இருட்டறையில் ஒரு துளை வழியாக வந்த சூரிய ஒளியை முப்பட்டகத்தில் விழச்செய்து, அது வானவில் நிறங்களாகப் பிரிவதைக் காட்டினார் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். பிறகு 1704இல் வந்த தன் ஒளியியல் நூலில் அந்த நிறப்பட்டையை வளைத்து ஒரு வட்டமாக வரைந்தார். அன்று முதல் நிறங்களை வட்டமாக வைத்துப் பார்க்கும் பழக்கம் பரவியது.

ஓவியர்கள் பயன்படுத்தும் வட்டம் எளிது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதல்நிலை நிறங்கள். இரண்டிரண்டாகக் கலந்தால் மூன்று புது நிறங்கள்:

சிவப்பு + மஞ்சள் = ஆரஞ்சு
மஞ்சள் + நீலம் = பச்சை
நீலம் + சிவப்பு = கத்தரிப்பூ நிறம்

இந்த ஆறையும் வட்டமாக அடுக்கினால், நேர் எதிரே நிற்கும் ஜோடிகள் இவை: சிவப்பு – பச்சை, நீலம் – ஆரஞ்சு, மஞ்சள் – கத்தரிப்பூ. இவற்றைத்தான் எதிர் நிறங்கள் என்றும் நிரப்பு நிறங்கள் என்றும் சொல்கிறோம்.

இந்த இரண்டு பெயரும் ஒன்றுக்கொன்று முரணாக இல்லையா? எதிரி எப்படி நிரப்ப முடியும்? நானும் கேட்டேன். ஓவிய ஆசிரியர் சொன்னார்: "பச்சைக்குள்ள என்ன இருக்கு? மஞ்சளும் நீலமும். இல்லாதது எது? சிவப்பு. அந்த இல்லாத ஒண்ணுதான் எதிர்ல நிக்குது. ரெண்டும் சேர்ந்தா மூணும் நிறைஞ்சிடுச்சா? அதான் நிரப்பு நிறம்."

மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை. ஒரு முதல்நிலை நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் கலந்தால் வருவதே அதன் எதிர் நிறம்.

இங்கேயே செய்து பாருங்கள்

இந்தத் தாளின் ஓரத்தில் சிவப்புக் காகிதத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் வெட்டி ஒட்டியிருக்கிறேன். நடுவில் கறுப்புப் புள்ளி. பக்கத்தில் வெறும் வெள்ளைத் தாளில் இன்னொரு கறுப்புப் புள்ளி. சிவப்பு வட்டத்தின் புள்ளியைக் கண் அசைக்காமல் முப்பது வரை எண்ணிப் பாருங்கள். உடனே வெள்ளைத் தாளின் புள்ளிக்குக் கண்ணைத் திருப்புங்கள்.

தெரிகிறதா? ஒன்றுமில்லாத தாளில் பச்சையும் நீலமும் கலந்த ஒரு வட்டம் மெல்ல மிதக்கும். கண் சிமிட்டினால் இன்னும் தெளிவாகும். இதற்குப் பின்பிம்பம் என்று பெயர். (முந்திரிக்கொட்டைகளுக்கு ஓர் எச்சரிக்கை: சூரியனை வைத்து இதைச் செய்யவே கூடாது. கண் பாழாகிவிடும்.)

ஏன் இப்படி? நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. ஒரு வகை நீலப் பக்கத்து ஒளியையும், ஒரு வகை பச்சைப் பக்கத்து ஒளியையும், ஒரு வகை சிவப்புப் பக்கத்து ஒளியையும் அதிகமாக உணரும். சிவப்பையே உற்றுப் பார்த்தால் சிவப்பை உணரும் செல்கள் சோர்ந்துபோகும். வெள்ளைத் தாளிலிருந்து எல்லா நிற ஒளியும் வருகிறது. ஆனால் சோர்ந்தவை சரியாகப் பதில் சொல்லவில்லை, மற்ற இரண்டின் குரல்தான் கேட்கிறது. அதுதான் அந்தப் பச்சைநீலம்.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வழியிலும் சிவப்பு–பச்சை ஒரு ஜோடி, நீலம்–மஞ்சள் ஒரு ஜோடி என்று தராசுத் தட்டு போல வேலை நடக்கிறது. ஒரு தட்டு ஏறினால் மறு தட்டு இறங்கும். இந்தக் கருத்தை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் எவால்டு ஹெரிங் முன்வைத்தார். 'நீலம் கலந்த பச்சை' என்று சொன்னால் உடனே மனக்கண்ணில் தெரிகிறது. 'பச்சை கலந்த சிவப்பு' என்று சொல்லிப் பாருங்கள். வரவே வராது!

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் பச்சை அல்லது நீலப்பச்சை உடை உடுத்துவதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் வெள்ளைதான். ரத்தச் சிவப்பையே பார்த்த கண் வெள்ளைத் துணிக்குத் திரும்பினால் இந்தப் பச்சை நிழல் மிதந்து தொந்தரவு செய்யும். துணியே பச்சையாக இருந்தால் நிழல் அதிலேயே கரைந்துவிடும், கண்ணும் கூசாது. 20ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல மருத்துவமனைகள் மாறின.

கறுப்பு நூல் வெளுத்த கதை

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பாரிஸ் நகரில் கோபெலின் என்ற புகழ்பெற்ற நெசவுக்கூடம் உண்டு. சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைச்சீலைகளை நெய்யும் இடம். 1824இல் அங்கே சாயப் பிரிவின் தலைவராக மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் சேர்ந்தார். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று: "ஐயா, நீலத் துணி மடிப்புக்கும் கத்தரிப்பூ நிறத் துணி மடிப்புக்கும் நிழல் காட்ட நாங்கள் வைக்கும் கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது. சாயம் சரியில்லை."

ஷெவ்ரல் கறுப்பு நூலை வேறு இடங்களின் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. அப்புறம்தான் அவருக்குப் பொறி தட்டியது: குற்றம் நூலில் இல்லை, பக்கத்து வீட்டில்! நீலத்தை ஒட்டி வைத்த கறுப்பின் மேல் நீலத்தின் எதிர் நிறமான ஆரஞ்சுச் சாயல் படிந்ததாக நம் கண் உணர்கிறது. அதனால் கறுப்பு பழுப்பேறி நைந்தது போலத் தெரிகிறது.

ஒவ்வொரு நிறமும் தன் பக்கத்து நிறத்தைத் தன் எதிர்ப் பக்கமாகத் தள்ளுகிறது என்பது அவர் கண்ட விதி. 1839இல் இதைப் பெரிய நூலாக வெளியிட்டார். 1786இல் பிறந்து 1889இல் மறைந்த அவர், 102 வயது வரை வாழ்ந்தவர்!

இந்த விதிப்படி, எதிர் நிறங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? பச்சை சிவப்பை மேலும் சிவப்பாக்கும், சிவப்பு பச்சையை மேலும் பச்சையாக்கும். தக்காளிக் கூடையில் நாலு கொத்தமல்லிக் கொத்து வைத்தால் தக்காளி பளபளவென்று தெரிகிறதே, அதன் ரகசியம் இதுதான்.

ஷெவ்ரலுக்குப் பிறகு ஓவியர்கள் இதை விடவில்லை. வின்சென்ட் வான் கோ பல நிறக் கம்பளி நூல் உருண்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தார். வரைவதற்கு முன் நூலோடு நூலைப் பின்னி எந்த நிறம் எதோடு சேரும் என்று பார்ப்பாராம். அந்தப் பெட்டி ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1888இல் அவர் வரைந்த 'இரவு உணவகம்' ஓவியத்தில் சுவரெல்லாம் சிவப்பு, மேற்கூரை பச்சை, நடுவில் பச்சைத் துணி போட்ட பில்லியர்ட்ஸ் மேசை. பார்த்தால் மனம் அமைதியாகாது, ஏதோ சண்டை நடக்கப்போகிற மாதிரி இருக்கும். அவர் வேண்டும் என்றேதான் அப்படி மோதவிட்டார்.

கிளி மூக்குக் கணக்கு

"எதிர் நிறம்னா ரெண்டையும் பாதிப் பாதி அள்ளிப் பூசுறது இல்லடா" என்றார் ஓவிய ஆசிரியர். "கிளியைப் பாரு. உடம்பெல்லாம் பச்சை. மூக்கு மட்டும் சிவப்பு. உன்னோட கண்ணு முதல்ல எங்க போவுது?"

மூக்குக்குத்தான் போகிறது! உடம்பு பாதி சிவப்பு, பாதி பச்சை என்று இருந்திருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் திண்டாடியிருக்கும். ஆக, ஒரு நிறம் ராஜா, எதிர் நிறம் அவன் நெற்றித் திலகம். பச்சை வயலில் சிவப்புச் சேலை கட்டி ஒருவர் நடவு செய்தால் ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரிகிறது. வயல் முழுக்கச் சிவப்புச் சேலையாக இருந்தால் அந்த அழகு இல்லை.

கோலப் போட்டிக்கு வண்ணப்பொடி போடும் தங்கைகளும், அறிவியல் கண்காட்சிக்குச் சார்ட் போடும் தம்பிகளும் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்தால் அடங்கும்

பக்கத்தில் வைத்தால் சண்டை போடும் இந்த நிறங்களைக் கலந்தால் என்ன ஆகும்? இரண்டும் அடங்கி, மண் நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ ஆகிவிடும். மூன்று முதல்நிலை நிறமும் உள்ளே வந்துவிடுவதால், வெள்ளை ஒளியின் எல்லாப் பகுதியையும் அந்தக் கலவை கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடுகிறது.

இது கெட்டது அல்ல, வரைபவர்களுக்குப் பெரிய உதவி. பாட்டிலில் இருக்கும் பச்சையை அப்படியே இலைக்குப் பூசினால் பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். நாம் உடனே கறுப்பைக் கலந்து கெடுத்துவிடுவோம். கறுப்புக்குப் பதில் ஊசிமுனை அளவு சிவப்பைத் தொட்டுக் கலந்து பாருங்கள். அசல் வேப்பிலை! ஆரஞ்சுப் பழத்தின் நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் நீலம் சேர்த்தாலும் இப்படியே நன்றாக வரும்.

நம் வீட்டிலும் இந்த வேலை நடக்கிறது. வெள்ளைச் சட்டை துவைக்கத் துவைக்க மஞ்சள் பூக்கிறது. அம்மா என்ன செய்கிறார்கள்? வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விடுகிறார்கள். அது என்ன நிறம்? கருநீலத்தில் கத்தரிப்பூச் சாயல். மஞ்சளுக்கு நேர் எதிர்! மஞ்சளேறிய துணி நீலப் பக்கத்து ஒளியைக் கொஞ்சம் விழுங்குகிறது. நீலச் சாயம் மறு பக்கத்து ஒளியைக் கொஞ்சம் விழுங்குகிறது. இரண்டு பக்கமும் சமமானதும் நிறம் போய், துணி வெள்ளையாகத் தெரிகிறது. "அம்மா, நீங்க எதிர் நிறத் தத்துவத்தைப் பயன்படுத்துறீங்க" என்றேன். "முதல்ல உன் காலர் அழுக்கைத் தேய்டா" என்றார்கள்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இயற்பியல் ஆசிரியர் காதைத் திருகுவார். மேலே சொன்ன வட்டம் பெயிண்டுக்கு. ஒளிக்கு முதல்நிலை நிறங்கள் வேறு: சிவப்பு, பச்சை, நீலம். அங்கே எதிர் ஜோடிகள்: சிவப்பு – பச்சைநீலம், பச்சை – மெஜந்தா, நீலம் – மஞ்சள். சிவப்பு வட்டத்தின் பின்பிம்பம் இலைப்பச்சையாக இல்லாமல் பச்சைநீலமாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். பெயிண்டில் எதிர் நிறங்கள் கலந்தால் மங்கும், ஒளியில் கலந்தால் வெள்ளையாகும். நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்புகள் பெரும்பாலும் அப்படித்தான் வேலை செய்கின்றன. உள்ளே இருப்பது நீல எல்.இ.டி. அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நமக்கு வெள்ளை. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் என் சார்ட் ஏன் தோற்றது?

எதிர் நிறம் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்றால் பச்சை மேல் சிவப்பு பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கும் இதே சந்தேகம்தான். சார்ட்டின் தலைப்பை மட்டும் வெட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகச் சொன்னார் ஓவிய ஆசிரியர். "கறுப்பு–வெள்ளையில ஒரு காப்பி எடுத்துட்டு வா."

எடுத்தேன். வெளியே வந்தது ஏறக்குறைய ஒரே கறுஞ்சாம்பல் தாள். எழுத்தைத் தேட வேண்டியிருந்தது!

அப்போதுதான் புரிந்தது. நிறத்தில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, அது சிவப்பா பச்சையா என்பது. இன்னொன்று, அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. என் சிவப்பும் பச்சையும் முதல் விஷயத்தில்தான் எதிரிகள். இரண்டாவதில் இரட்டைப் பிள்ளைகள். எழுத்தின் வளைவு, சுழி, புள்ளி, ஓரம் இதையெல்லாம் நம் கண் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்சம்–இருட்டு வித்தியாசத்தை வைத்துத்தான். அந்த வித்தியாசம் இல்லாமல் வெறும் நிறம் மட்டும் மோதினால் ஓரங்கள் துடிப்பது போல, நடுங்குவது போலத் தோன்றும். "சூப்பர்" என்று சொன்னவர்களில் ஒருவன்கூட இப்போது ஒத்துக்கொள்கிறான்: "ஆமாடா, படிக்கும்போது கண்ணு வலிச்சுது. உனக்காக நல்லா இருக்குன்னேன்."

குளோட் மோனே 1872இல் வரைந்த 'உதயக் காட்சி' ஓவியத்தில் நீலச் சாம்பல் மூடுபனியில் ஓர் ஆரஞ்சுச் சூரியன் இருக்கும். நேரில் அசைவது போல ஜொலிக்கிறது என்பார்கள். அந்தப் படத்தைக் கறுப்பு–வெள்ளையாக மாற்றினால் சூரியன் பனியோடு கலந்து ஏறக்குறைய காணாமலே போய்விடுகிறது. வெளிச்சத்தில் இரண்டும் ஒரே அளவு. ஆக, மோனேவின் சூரியனை ஜொலிக்க வைத்த அதே விஷயம்தான் என் எழுத்தைக் கொன்றது. ஓவியத்தில் துடிப்பு அழகு. அறிவிப்பில் துடிப்பு ஆபத்து. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து நிலையத்தருகே சுவர் விளம்பரம் எழுதும் அண்ணன் ஒருவரிடமும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, பச்சை மேல சிவப்பை நேரா வைக்கவே கூடாது. வைக்கணும்னா சுத்தி ஒரு வெள்ளைக் கோடு இழுத்துடு. எழுத்து தனியா வந்து நிக்கும்" என்றார். ஷெவ்ரலின் நூலைப் படிக்காமலே அவர் கை அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

டால்டனின் கண்

எனக்காவது கண் வலித்தது. என் நண்பனுக்கோ எழுத்தே இல்லை. ஏன்?

அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனை எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண்ணுக்காகப் படித்திருக்கிறோம். அவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய அண்ணனுக்கும் அப்படியே. 1794இல் தன் பார்வையைப் பற்றி அவரே ஓர் ஆய்வுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கும், அதுதான் காரணம் என்று நினைத்தார். இறந்த பிறகு தன் கண்ணைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். 1844இல் சோதித்தார்கள். திரவம் தெளிவாகத்தான் இருந்தது. 1995இல், பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை ஆராய்ந்தபோது விடை கிடைத்தது: மூன்று வகைக் கூம்பு செல்களில் பச்சைப் பக்கத்துக்கு உரிய நிறமி அவருக்கு இல்லை.

இதைச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு என்கிறார்கள். பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, எக்ஸ் குரோமோசோம் வழியாக. ஆண்களுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான் என்பதால், அதில் குறை இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. அதனால்தான் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். இது நோய் அல்ல, தொற்றாது. உலகம் கறுப்பு–வெள்ளையாகத் தெரிகிறது என்பதும் பெரும்பாலோர் விஷயத்தில் தவறு. சில நிறங்கள் ஒன்றுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

கண் மருத்துவரிடம் என் நண்பனை அவன் அப்பா அழைத்துப்போனார். நிறப்புள்ளிகள் நிறைந்த பக்கங்களைக் காட்டி, "என்ன எண் தெரியுது?" என்று கேட்டார்களாம். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை அது. புள்ளிகளின் வெளிச்ச அளவு கலந்து கட்டியாக இருப்பதால், அதை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது; நிறத்தைப் பிரித்தறிந்தால் மட்டுமே எண் தெரியும். நான் மூன்று நாள் கஷ்டப்பட்டு எழுதியதும் கிட்டத்தட்ட ஓர் இஷிஹாரா பக்கம்தான்! தெரியாமல் நான் நண்பனுக்குப் பரீட்சை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் நிறைய சொன்னான். தோட்டத்தில் பழுத்த மிளகாயைப் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறித்துவந்து திட்டு வாங்குவானாம். "விளையாட்டுப் புத்தியில பறிக்கிறேன்னு நினைச்சாங்கடா. எனக்கே நான் கவனமில்லாதவன்னுதான் தோணும்." இப்போது மிளகாயைத் தொட்டு, காம்பைப் பார்த்துப் பறிக்கிறானாம். சிக்னலில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறான். கிளி மூக்கு? "அது வளைஞ்சிருக்குமேடா, தெரியாதா?" என்று சிரித்தான். சதுரங்கத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. 64 கட்டமும் கறுப்பு–வெள்ளை. வெளிச்சமும் இருட்டும்தானே!

"இதனால படிப்புக்கு ஏதாவது தடை வருமா?" என்று அவன் அப்பா கவலைப்பட்டார். ரயில் ஓட்டுநர் போன்ற சில வேலைகளுக்கு நிறப்பார்வை கட்டாயம். ஆனால் கதவெல்லாம் மூடிவிடவில்லை. புனேயில் உள்ள திரைப்படக் கல்வி நிறுவனத்தின் எல்லாப் படிப்புகளிலும் நிறக்குறைபாடு உள்ளவர்களைச் சேர்க்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நிறத்தோடு விளையாடும் சினிமாவுக்கே அனுமதி என்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

இனி நம் சுவர்ப் பத்திரிகையில்

ஆசிரியர் குழு கூடி எடுத்த முடிவுகள் இவை. உங்கள் சார்ட்டுக்கும் பயன்படும்.

1. எழுத்தும் தாளும் வெளிச்சத்தில் வேறுபட வேண்டும். ஒன்று வெளிர் என்றால் மற்றது அடர்த்தி. இந்தக் கட்டுரை வெளிர்மஞ்சள் தாளில் கருநீல மையில் எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

2. எதிர் நிறங்கள் தேவைதான். ஆனால் கிளி மூக்குக் கணக்கில். படத்துக்கும் ஓரத்துக்கும் வைக்கலாம். படிக்க வேண்டிய எழுத்துக்கு வேண்டாம்.

3. சிவப்பையும் பச்சையையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் வெள்ளை அல்லது கறுப்புக் கோடு.

4. நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லக் கூடாது. "சரியான விடை பச்சையில், தவறு சிவப்பில்" என்று எழுதாமல் சரி, தப்பு அடையாளமும் போட வேண்டும். அறிவியல் படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம் என்றாலும் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும்.

5. ஒட்டுவதற்கு முன் கண்ணை இடுக்கிப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். எழுத்து மறைந்தால் மாற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால் ஜெராக்ஸ் சோதனை.

6. கடைசியாக, என் நண்பன் பார்த்து "தெரியுது" என்று சொன்ன பிறகுதான் எந்தத் தாளும் சுவரேறும். அவனை ஆசிரியர் குழுவில் சேர்த்திருக்கிறோம். இந்தத் தாளிலும் இரண்டு தலைப்பை அவன் திருத்தச் சொன்னான், திருத்தினேன்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவனிடம்தான் முதலில் கேட்டேன். "பேரைப் போடாத, விஷயத்தைப் போடு. எனக்கு மாதிரியே வேற யாருக்காவது இருக்கும். அவங்களுக்கே தெரியாம இருக்கும்" என்றான். எனவே, நண்பர்களே, சிவப்பு–பச்சையில் உங்களுக்கு அடிக்கடி குழப்பம் வந்தால் வெட்கப்படாமல் வீட்டிலும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். யாராவது நிறத்தைத் தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்காதீர்கள். நான் சிரித்தேன். அதற்காக வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த சதுரங்கப் போட்டி எப்போது வந்தாலும் முதலில் அவன் பெயரை எழுதிக்கொள்ளும்படி பி.டி. சாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மூளைக்கு வேலை

1. மஞ்சள் வட்டத்தை முப்பது எண்ணும் வரை பார்த்துவிட்டு வெள்ளைத் தாளைப் பார்த்தால் எந்த நிறம் தெரியும்? செய்து பார்த்து எழுதுக.

2. ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளின் நடுவிலும் இன்னொன்றைப் பச்சைத் தாளின் நடுவிலும் ஒட்டுக. இரண்டு சாம்பலும் ஒன்று போலத் தெரிகிறதா? காரணம் கூறுக. (குறிப்பு: ஷெவ்ரலின் கறுப்பு நூல்.)

3. நம் பள்ளி வளாகத்தில், எழுத்தும் பின்னணியும் ஒரே அளவு இருட்டாக இருக்கும் பலகை ஒன்று இருக்கிறது. எது? எப்படி மாற்றலாம்?

விடைகளை எழுதி, பெயர், வகுப்புடன் நூலக வாசலில் உள்ள பெட்டியில் போடவும். சரியான விடைகள் அடுத்த இதழில்.



– 9ஆம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு